படைப்புழுவின் பஞ்சாங்கம்

சென்ற ஆண்டு விதைத்த அதே தேதியில் விதைத்து, சென்ற ஆண்டு மருந்தடித்த அதே நாளில் மருந்தடித்து, சென்ற ஆண்டு நல்ல மகசூலும் கண்ட ஒரு விவசாயி, இந்த ஆண்டு தம்முடைய மக்காச்சோளக் கொல்லையில் குருத்தெல்லாம் சல்லடைக் கண்ணாகத் துளைபட்டு நிற்பதைப் பார்த்து, மருந்தில் கலப்படம் என்றோ, விதையில் கோளாறு என்றோ, கிரகசாரம் சரியில்லை என்றோ நினைத்து வருந்துவது இயற்கையே. மருந்தில் கலப்படம் இருக்கவும் கூடும். ஆனால் பெரும்பாலும் குற்றம் அங்கெல்லாம் இல்லை. நாம் பார்க்கும் நாட்காட்டியைப் புழு பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். அதற்கென்று தனியே ஒரு பஞ்சாங்கம் உண்டு. அதைக் கணிப்பவை இரண்டு: ஒன்று சுற்றுப்புறத்தின் உஷ்ணம், மற்றொன்று அது தின்னும் இலை.

இங்கே நான் சொல்வது அமெரிக்கப் படைப்புழுவைப் பற்றி. ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா என்னும் சாஸ்திரப் பெயரைத் தாங்கிய இந்த அந்துப்பூச்சி, 1797ஆம் ஆண்டிலேயே ஜார்ஜியாப் பிரதேசத்திலிருந்து விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகமாகிவிட்ட போதிலும், இரண்டு நூற்றாண்டுக் காலம் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியேறாமலே இருந்தது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியைக் கடந்து, 2018 மே மாதத்தில் கர்நாடகத்து மக்காச்சோள வயல்களில் தென்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டின் மானாவாரி மக்காச்சோளத்தையும், கடல் தாண்டி இலங்கையின் மக்காச்சோளத்தையும் பிடித்துக்கொண்டது. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், விருதுநகர் முதலிய மாவட்டங்களில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்திருந்தவர்கள் அந்த ஆண்டை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இவ்வளவு வேகமாகப் பரவிய ஜந்து குளிரைக் கண்டால் நடுங்கிச் சாகும் சுபாவம் உடையது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். குளிர்காலத்தைத் தூக்கத்தில் கழித்துவிடும் வித்தை பல பூச்சிகளுக்குத் தெரியும். கூட்டுப்புழுவாகவோ முட்டையாகவோ வளர்ச்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு, வசந்தம் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து அவை தொடரும். படைப்புழுவுக்கு அந்த வித்தை கிடையாது. ஆகையால் வட அமெரிக்காவில் அது குளிர்காலத்தைப் பிழைத்துக் கடப்பது ஃபுளோரிடாவின் தென்பகுதியிலும் டெக்ஸாஸின் தென்கோடியிலும் மட்டுமே. ஒவ்வொரு கோடையிலும் அங்கிருந்து புறப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வடக்கே பறந்து கனடா வரை போவதும், பனி விழத் தொடங்கியதும் போனவையெல்லாம் மாய்ந்துபோவதும் ஆண்டுதோறும் நடக்கும் நாடகம். அந்த நாட்டு விவசாயிக்கு இயற்கை கொடுத்த இந்தப் பனி விடுமுறை நமக்கு இல்லை. ஆண்டு முழுவதும் உஷ்ணமும், ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு மூலையில் பச்சை மக்காச்சோளமும் உள்ள பூமி நம்முடையது.

உஷ்ணத்துக்கும் புழுவின் வளர்ச்சிக்கும் உள்ள சம்பந்தத்தைப் புரிந்துகொள்ள, மனித தேகத்துக்கும் பூச்சியின் தேகத்துக்கும் உள்ள ஒரு முக்கியமான வேற்றுமையை மனத்தில் கொள்ள வேண்டும். மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் நம் உடம்பின் உட்சூடு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. அதைக் காப்பதற்காகவே நாம் உண்ணும் உணவில் பெரும்பங்கு செலவாகிறது. பூச்சி அந்தச் செலவைச் செய்வதில்லை. வெளியே என்ன சூடோ, ஏறத்தாழ அதுவே அதன் உடம்புக்குள்ளும். உணவைச் செரிப்பதும், தசையை வளர்ப்பதும், தோலை உரிப்பதும் எல்லாம் உடம்புக்குள் நிகழும் இரசாயனக் கிரியைகளே ஆதலால், சூடு ஏறினால் அவை விரைகின்றன. சூடு இறங்கினால் தயங்குகின்றன. ஓர் எல்லைக்குக் கீழே நின்றே போகின்றன.

இதை முதன்முதலில் ஊன்றிக் கவனித்தவர்களில் ஒருவர் ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர். தம் பெயரால் ஓர் உஷ்ணமானி அளவையையே ஏற்படுத்தியவர். கொதிக்கும் நீருக்கு 100 என்று நாம் வைத்துக்கொள்வதுபோல் அவர் 80 என்று வைத்துக்கொண்டார். வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களில் சிலவற்றைக் கணப்புள்ள கண்ணாடி வீடுகளில் வைத்துக் குளிர்காலத்திலேயே பூச்சியாக வெளிவரச் செய்தார். வேறு சிலவற்றை நிலவறைக் குளிர்ச்சியில் வைத்து, வெளிவரவேண்டிய பருவம் கடந்தும் கூட்டுக்குள்ளேயே இருக்கச் செய்தார். கூட்டுப்புழுவை முட்டை வடிவமான கண்ணாடிக் கூண்டில் அடைத்து, அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் வைத்துப் பொரிக்கவும் செய்தார் என்றால், அவருடைய பரிசோதனை ஆர்வத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கோழி குஞ்சு பொரிக்கலாம், வாத்து பொரிக்கலாம். வண்ணத்துப்பூச்சியைப் பொரித்த கோழி அதற்கு முன் இருந்திருக்காது. 1735ஆம் ஆண்டில் அவர் மேலும் ஓர் எண்ணத்தை வெளியிட்டார். ஒரு பயிர் முதிர்வதற்கு இத்தனை நாள் என்று சொல்வதைவிட, அந்த நாட்களில் அது பெற்ற உஷ்ணத்தின் கூட்டுத்தொகை இவ்வளவு என்று சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்பதே அது. பயிருக்கென்று அவர் போட்ட கணக்கு பிற்காலத்தில் பூச்சிக்கும் பொருந்தியது.

அந்தக் கணக்கைப் படைப்புழுவுக்கு மிகவும் நேர்த்தியாகச் செய்து காட்டியவர்கள் தென்னாப்பிரிக்காவில் நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்னலீன் டு பிளெசிஸும் அவருடைய சகாக்களும். 18, 22, 26, 30, 32 டிகிரி செல்சியஸ் என்ற ஐந்து நிலையான உஷ்ணங்களில் புழுக்களைத் தனித்தனியே வளர்த்து, முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வெளிப்படும் வரையில் ஆகும் நாட்களை எண்ணி, 2020இல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 18 டிகிரியில் இந்த முழுப் பிரயாணத்துக்கு 71 நாட்கள் பிடித்தன. 32 டிகிரியில் 20 நாட்களே போதுமாயிருந்தன. ஏறக்குறைய 12.6 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியே நடப்பதில்லை என்பதும், அந்த எல்லைக்கு மேலே கிடைக்கும் சூட்டை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய 392 என்ற தொகை நிறையும்போது ஒரு தலைமுறை பூர்த்தியாகிறது என்பதும் அவர்கள் கண்ட சாரம்.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் புழுவின் பஞ்சாங்கத்தைக் கணிக்கலாம். ஐப்பசியில் நம் சமவெளி ஊர் ஒன்றில் பகல் இரவு சராசரி 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 12.6ஐக் கழித்தால் 15.4, அதுதான் அன்றைய வரவு. 392ஐ அதனால் வகுத்தால் 25 நாள் சொச்சம். மார்கழியில் சராசரி 24க்கு இறங்கினால் அன்றாட வரவு 11.4, கணக்கு 34 நாட்களுக்கு நீண்டுவிடும். நான்கு டிகிரி என்பது நாம் போர்வையை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் அளவு வித்தியாசம்; புழுவுக்கோ அது ஒன்பது நாள் ஆயுள் கணக்கு.

ஒன்பது நாள்தானே என்று அலட்சியமாக நினைப்பதற்கில்லை. வெளிவந்த பெண் அந்து இணைசேர்ந்து முட்டையிடத் தொடங்குவதற்கு ஆகும் மூன்று நான்கு நாட்களையும் சேர்த்துக்கொண்டு பார்த்தால், நூறு நாளைக்குச் சற்று மேற்பட்ட ஒரு மக்காச்சோளப் போகத்துக்குள், வெப்பமான பருவத்தில் மூன்று தலைமுறைகள் முடிந்து நான்காவது நடந்துகொண்டிருக்கும். குளிர்ந்த பருவத்தில் இரண்டு முடிந்து மூன்றாவது நடக்கும். ஒரு பெண் அந்து தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடவல்லது. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மழைக்கும் எறும்புக்கும் ஒட்டுண்ணிக்கும் இரையாகி, இரண்டே இரண்டு பிழைத்து, அவற்றிலும் பாதியே பெண் என்று மிகவும் சிக்கனமாகக் கணக்கிட்டால்கூட, ஒவ்வொரு தலைமுறையிலும் பெண் அந்துக்கள் பத்து மடங்காகும். ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைப்பது, பூச்சியின் வட்டிக் கணக்கில் இன்னும் ஒரு பத்து மடங்கு.

அப்படியானால் வெயில் ஏற ஏறப் புழுவுக்குக் கொண்டாட்டம்தானா என்றால், அதுவும் இல்லை. 26 முதல் 30 டிகிரி வரையில்தான் புழுக்கள் அதிகம் பிழைக்கின்றன. அதற்கு மேல் போனால் வளர்ச்சி விரைந்தாலும் விளைவு கெடுகிறது. கூட்டிலிருந்து வெளிவரும் அந்துகளில் சில சிறகு மடங்கிப் பறக்கமாட்டாமல் பிறக்கின்றன. மேலும் சூட்டில் விரைந்து வளரும் பூச்சிகள் பொதுவாகச் சிறிய உடம்போடு நின்றுவிடுவதும், சிறிய உடம்புக்காரி இடும் முட்டைகள் குறைவாயிருப்பதும் பூச்சி உலகத்தின் பொதுவிதி. சித்திரை வைகாசியில் நிழலிலேயே 38, 40 என்று உஷ்ணமானி ஏறும் நாட்டில், இந்த மேல் எல்லை நமக்கு ஓரளவு பாதுகாப்பு என்றே சொல்லவேண்டும். ஆனால் அதை நம்பி உறங்குவதும் கூடாது. வானிலை நிலையத்தின் உஷ்ணமானி அளப்பது காற்றின் சூட்டை. புழு குடியிருப்பதோ காற்றில் அல்ல, குருத்தின் உட்சுருளில். இலை தன் நீரை ஆவியாக வெளியே விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால், நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிய வயலில் வெளியே அனல் வீசும் நண்பகலிலும் குருத்துக்குள் சில டிகிரி குறைவாகவே இருக்கும். நாம் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரில் புழுவும் குளிர்ச்சி பெறுகிறது.

இனி இலையின் விஷயத்துக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் கதையின் சுவாரசியமான பகுதி இதுவே.

படைப்புழு தின்னும் செடிகளின் ஜாபிதாவைத் தொகுத்தவர்கள் 76 குடும்பங்களைச் சேர்ந்த 353 தாவரங்களை எழுதியிருக்கிறார்கள். இந்தியாவிலும் மக்காச்சோளத்தோடு நில்லாமல் சோளம், கரும்பு, கேழ்வரகு முதலியவற்றில் அது காணப்பட்டிருக்கிறது. ஆனால் தின்பது வேறு, தின்று செழிப்பது வேறு. ஒரே உஷ்ணத்தில், ஒரே தாயின் குஞ்சுகளைப் பிரித்து, சிலவற்றை மக்காச்சோள இலையிலும் சிலவற்றைப் பருத்தி இலையிலும் வளர்த்தால், மக்காச்சோளத்தில் வளர்ந்தவை விரைவில் பருத்துக் கனத்த கூட்டுப்புழுக்களாகின்றன. பருத்தியில் வளர்ந்தவை அதிக நாட்கள் புழுவாகவே காலந்தள்ளி, எடை குறைந்த கூட்டுப்புழுக்களாகின்றன. வழக்கமாக ஆறு பருவங்களில் புழு வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் இது, ஆகாரம் சரியாக அமையாதபோது கூடுதலாக ஒருமுறை தோலுரித்துக்கொண்டு, வளர்ச்சிக்குப் போதிய எடை சேரும் வரை காத்திருப்பதும் உண்டு. உஷ்ணம் வேகத்தை நிர்ணயிக்கிறது என்றேன். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பொருள் இலையிலிருந்துதான் வரவேண்டும்.

இலைகளுக்குள் இவ்வளவு பேதம் ஏன் என்று கேட்கலாம். நீரை நீக்கிப் பார்த்தால் புழுவின் உடம்பு பெரும்பாலும் புரதம். இலையிலோ புரதம் மிகவும் கொஞ்சம், மிச்சமெல்லாம் நாரும் நீரும். ஆகவே எந்த இலையில் தழைச்சத்து மிகுதியோ அந்த இலையில் புழு விரைந்து வளரும். யூரியாவை அள்ளிக் கொட்டிக் கரும்பச்சையாக வளர்த்த வயலை அண்டை வீட்டார் கண்வைப்பதற்கு முன்பே பூச்சி கண்வைத்துவிடுகிறது. இளங்குருத்து மிருதுவும் சத்தும் நிறைந்தது. முதிர்ந்த இலையில் நார் ஏறிச் சத்து இறங்கிவிடுகிறது. மேலும் புல்லினப் பயிர்கள் மண்ணிலிருந்து மணற்சத்தாகிய சிலிக்காவை உறிஞ்சி இலைகளில் சேர்த்துக்கொள்கின்றன. அத்தகைய இலையைக் கடித்துக் கடித்துப் புழுவின் தாடை தேய்ந்துபோவதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். பல் தேய்ந்த கிழவனுக்கு முறுக்கு எப்படியோ, தாடை தேய்ந்த புழுவுக்கு அந்த இலை அப்படி.

செடி இதோடு நிற்பதில்லை, விஷமும் வைத்திருக்கிறது. மக்காச்சோளத்தின் இளம்பயிரில் டிம்போவா என்னும் ஒரு பொருள் சர்க்கரையோடு பிணைந்த நிலையில் அடங்கியிருக்கிறது. இலை கடிபட்டவுடன் அந்தப் பிணைப்பு அறுந்து விஷம் விடுபடுகிறது. பல பூச்சிகள் இதனாலேயே மக்காச்சோளத்தை விட்டு விலகி நிற்கின்றன. படைப்புழு என்ன செய்கிறது தெரியுமா? தன் குடலுக்குள் அந்த விஷத்தோடு மறுபடியும் ஒரு சர்க்கரையைப் பிணைத்துவிடுகிறது. அதுவும் செடியின் நொதி மீண்டும் அறுக்கமுடியாதபடி, பழைய பிணைப்புக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பிணைக்கிறது. 2014இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் இந்தச் சாமர்த்தியம் விளங்கியது. பூட்டை உடைக்காமல் சாவித்துவாரத்தை அடைத்துவிடும் இந்த உபாயத்தை, எதிரியாயினும் பாராட்டாமல் இருக்கமுடியவில்லை. ஆயினும் செடியின் தரப்பும் தோற்றுவிடவில்லை. கரீபியத் தீவாகிய ஆன்டிகுவாவிலிருந்து வந்த மக்காச்சோள ரகங்களின் வழித்தோன்றல்களில், குருத்து கடிபட்டவுடன் அந்த இடத்தில் ஒருவகைப் புரதச் சிதைப்பான் வந்து குவிகிறது. புழு அதை விழுங்கியதும், அதன் குடலின் உட்புறத்தை மூடிக் காக்கும் மெல்லிய சவ்வை அது துளைத்துவிடுகிறது. தின்றது உடம்பில் ஒட்டாமல் புழு இளைத்துப்போகிறது. சாகாவிட்டாலும் வளர்ச்சி பின்தங்குகிறது. பின்தங்கிய ஒவ்வொரு நாளும் குளவிக்கும் எறும்புக்கும் பறவைக்கும் கிடைக்கும் கூடுதல் அவகாசம்.

இவ்விதமாக நீண்டகாலம் ஒரு செடியையே நம்பி வாழ்வதால் பூச்சியின் வம்சமே இரண்டாகப் பிளக்கத் தொடங்கும் அதிசயத்தையும் இந்த இனத்தில் காணலாம். அமெரிக்கக் கண்டங்களில் மக்காச்சோளத்தை நாடும் வகை ஒன்றும், நெல்லையும் சிறு புல்வகைகளையும் நாடும் வகை ஒன்றும் உண்டென்பது 1980களில் தெரியவந்தது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. மரபணுவைச் சோதித்தே அறியவேண்டும். சோள வகை இரவின் முற்பகுதியிலும் நெல் வகை பிற்பகுதியிலும் இணைசேரும் வழக்கமுடையவை ஆதலால், ஒரே வயலில் பறந்தாலும் ஒன்றையொன்று பெரும்பாலும் சந்திப்பதில்லை. நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தவற்றில் இரண்டு வகைகளின் அடையாளங்களும் கலந்தே காணப்படுகின்றன. ஆனால் நடைமுறையில் அவை நாடுவது மக்காச்சோளத்தையே. காவிரிப் பாசனத்து நெல் இதுவரையில் பெரிய சேதமின்றித் தப்பியிருக்கிறது.

உஷ்ணமும் ஆகாரமும் தனித்தனியே செயல்படுபவை அல்ல. சூடு மிகுந்தால் உயிர்வாழ்வதற்கே ஆகும் செலவு மிகுகிறது. நல்ல இலை கிடைத்த புழு அந்தச் செலவை ஈடுகட்டிக்கொண்டு மேலும் விரைந்து வளரும். சத்தற்ற இலை கிடைத்த புழுவோ வரவுக்கு மிஞ்சிய செலவில் மெலியும். குளிர்ந்த பருவத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாமலும் போகலாம். புழுவின் சத்துருக்களுக்கும் இப்படியே தனித்தனிப் பஞ்சாங்கங்கள் உண்டு. படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் டெலனோமஸ் என்னும் கடுகினும் சிறிய குளவிக்கு ஒரு கணக்கு. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் புழுக்களின் மேல் படர்ந்து அவற்றை வெளுத்து விறைத்துப்போகச் செய்யும் பூஞ்சணத்துக்கு வேறொரு கணக்கு. அடைமழைக் காலத்தில் புழு குறைவதற்கு மழை அடித்துக்கொண்டு போவது மட்டுமே காரணமல்ல. குருத்தில் தேங்கிய நீரில் குஞ்சுகள் மூழ்கி மடிவதும், இந்தப் பூஞ்சணம் தலைதூக்குவதும் சேர்ந்தே காரணங்கள்.

இதெல்லாம் அறிந்து விவசாயிக்கு ஆவதென்ன? மருந்து பலிப்பது புழுவின் முதல் இரண்டு பருவங்களில்; இலையின் மேல்பரப்பைச் சுரண்டித் தின்று கண்ணாடிபோல் வெள்ளைத் திட்டுகளை விட்டுவைக்கும் பருவம் அது. அதற்கு மேல் புழு குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்கிறது. மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் நான்கில் மூன்று பங்குக்குமேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது என்பதால், சேதம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும். 18 டிகிரியில் முட்டை பொரிக்கவே ஆறு நாட்களுக்கு மேலாகும். 30 டிகிரியில் இரண்டே நாள். அதாவது குளிர்ந்த பருவத்தில் வாரம் ஒருமுறை வயலைச் சுற்றிப் பார்த்தவர், வெப்பமான பருவத்திலும் வாரம் ஒருமுறையே பார்த்தால், இரண்டு பார்வைகளுக்கு நடுவில் முட்டை பொரித்துப் புழு மூன்றாம் பருவத்தை எட்டிக் குருத்துக்குள் குடிபுகுந்துவிடும். விதைத்த இத்தனையாம் நாள் முதல் மருந்து, இத்தனையாம் நாள் இரண்டாம் மருந்து என்று கடைக்காரர் எழுதிக்கொடுக்கும் சீட்டு எல்லாப் பட்டத்துக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மருந்தைப் போலவே விதைப்பிலும் கவனம் வேண்டும். பத்துப் பேர் பத்து வாரங்களில் விதைத்தால், ஊரில் எப்போதும் ஏதோ ஒரு வயலில் இளங்குருத்து இருந்துகொண்டே இருக்கும். முதல் வயலில் பிறந்த அந்து முதிர்ந்த இலையை விட்டு அடுத்த வயலின் குருத்துக்குப் போய்ச் சேரும். ஒரே வாரத்தில் ஊரார் கூடி விதைப்பதும், அறுவடை முடிந்ததும் கோடை உழவு உழுது மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிடக்கும் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவதும், வரப்பில் தட்டைப்பயறும் சூரியகாந்தியும் விதைத்துக் குளவிகளுக்கு இடம் கொடுப்பதும், தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுவதும், இந்தப் பஞ்சாங்கத்தை நம் பக்கம் திருப்பும் உபாயங்கள். இவற்றில் எதற்கும் பெரிய மூலதனம் தேவையில்லை. ஊர் ஒற்றுமைதான் தேவை, அது மருந்தைவிட அரிதாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அரசாங்கத்தின் வேளாண்மைத் துறையாரிடமும் பல்கலைக்கழகத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். நாள்தோறும் வானொலியிலும் கைப்பேசியிலும் உச்ச உஷ்ணம் இவ்வளவு, நீச உஷ்ணம் இவ்வளவு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இனக்கவர்ச்சிப் பொறிகளில் விழும் அந்துகளின் எண்ணிக்கையும் உங்கள் அலுவலர்களிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, இந்த வட்டாரத்தில் இந்த வாரம் முட்டைகள் பொரிக்கும், இன்ன நாளுக்குள் குருத்தைப் பாருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியத்தை வானிலைச் செய்தியின் கடைசியில் சேர்த்துச் சொல்லுங்கள். கணக்குப் போட ஒருவர் போதும். கேட்டுப் பயனடைவதற்கு லட்சம் மக்காச்சோள விவசாயிகள் காத்திருக்கிறார்கள்.